ஒரே கை ஓட்டுன வண்டி

1

இந்தக் கதை ஒரு அட்டைப்பெட்டியின் மூடியிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எங்கேயிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

என் பெயர் மும்தாஜ். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஹோஸ் கடை வைத்திருக்கிறோம். டிராக்டர், டிப்பர், மண் அள்ளுகிற வண்டி எதுவானாலும் ஹைட்ராலிக் ஹோஸ் அளவுக்கு வெட்டி, இரண்டு முனையிலும் பிட்டிங் வைத்து மெஷினில் அழுத்திக் கொடுப்போம். ஆயில் சீலும் ஹைட்ராலிக் ஆயிலும் கிடைக்கும். மெஷின் என் வீட்டுக்காரர் அஷ்ரஃப் பொறுப்பு. முன்னால் உட்கார்ந்து வாய் கொடுப்பது என் பொறுப்பு.

ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். நல்ல தாள் எடுத்து வைத்தால் அஷ்ரஃப் அதில் ஹோஸ் அளவைக் கிறுக்கிவிடுகிறார். அதனால் சீல் வருகிற பெட்டிகளைக் கிழித்து உள்பக்கத்தில் எழுதப் பழகிக்கொண்டேன். "கதை எழுதறியா, பார்சல் கட்டறியா?" என்று கேட்பார். பதில் சொல்லமாட்டேன். சொன்னால் அன்றைக்குச் சோறு ஆக்கின மாதிரிதான்.

அப்படி ஒரு மூடியில் எழுதிய தொடக்கம் இது:

அவள் கையை நீட்டினாள், அப்போது

அவ்வளவுதான். அந்த இடத்தில் கடைக்கு ஆள் வந்துவிட்டது. வந்தவளிடம் அந்த மூடியையே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

2

மூடி போன பிறகு வேறு தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

'டிராக்டர் தன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.' [தப்பு. டிராக்டர் நின்ற இடத்தில்தான் நின்றது. பின்னால் தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டர்தான் இறங்கியது. மண்ணைக் கிளறுகிற அந்த இரும்புப் பற்கள் தரையைத் தொடும்வரை, மெதுவாக, யாரும் லீவரைத் தொடாமலே.]

'யோகப்பிரியாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது.' [இப்படி ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில் பேய் வரும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.]

'கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளின் மேல் காலை வெயில்' [வெயில் எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது. போதும்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஜோடனை எல்லாம் வராது.

3

யோகப்பிரியா என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. எழுதிக்கோங்க, பேரை மட்டும் மாத்திப்போடுங்க என்றாள். மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் அவள்தான்.

வீட்டுக்காரர் சிவப்பிரகாஷுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிற நெல்வயலையும் தென்னந்தோப்பையும் இவள் பார்க்கிறாள். தென்னைக்கு நடுவில் நுழைந்து திரும்புகிற அளவில் ஒரு சின்ன டிராக்டர் வேண்டும் என்று தேடி, மலைமேல் கம்பம்மெட்டில் ஜின்சன் என்கிற மலையாளிப் புரோக்கர் மூலமாக வாங்கினார்கள். ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்தடிக்க ஓடிய பழைய வண்டி.

"ஏனுங்க்கா, ஒரே கை ஓட்டுன வண்டின்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க. இப்புடிப் படுத்துது," என்றாள்.

பழைய வண்டி விற்கிற எல்லோருடைய வாயிலும் இருக்கிற பேச்சு இது. டிரைவர் மாறாமல் ஒரே ஆள் ஓட்டியது, அதனால் வண்டி கெடவில்லை என்று அர்த்தம். நான் தலையாட்டினேன்.*

முதலில் பம்பிலிருந்து, ரோட்டவேட்டரைத் தூக்குகிற லிஃப்டுக்குப் போகிற ஹோஸை மாற்றிக் கொடுத்தோம். தூக்கினது மேலே நிற்கவில்லை. அடுத்து சீல் எல்லாம் புதிதாகப் போட்டாள். அப்போதும் நிற்கவில்லை. எண்ணெய் எங்கேயோ ஒழுகுகிறது, அளவும் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. மூன்றாவது தடவை அவள் கடைக்குள் நுழைந்தபோதுதான் நான் அந்தத் தொடக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்குத் தெரியலீங்க்கா. கைய வெச்சுத் தடவிப் பாத்தாத்தான் தெரியுமாட்ட இருக்குது."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "கையை வெச்சுக் கிச்சுப் பாக்காதே, யோகா. ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் போதும். அதுல பீச்சுற எண்ணெய் தோலைக் குத்திக்கிட்டு உள்ள போயிரும். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். ரத்தம்கூட வராது. ரத்தம் வரலையேன்னு இருந்தா அப்புறம் கையே போயிரும்."

"அப்பறம் எப்புடிங்க கண்டுபுடிக்கறது?"

"ஒரு அட்டையைக் குச்சியில கட்டு. கண்ணாடி போட்டுக்கோ. எஞ்சின் ஓடறப்ப தள்ளி நின்னு பைப்பு நெடுகக் காட்டிக்கிட்டே போ. எங்க அட்டையில எண்ணெய் தெறிச்சு நனையுதோ, அங்கதான் ஓட்டை. கண்டதும் எஞ்சினை அணைச்சிட்டு எங்கிட்ட வா."

அட்டை என்று சொன்னதும் கைக்கு எட்டியது அந்த மூடிதான். வெறும் பக்கத்தைப் பைப்புக்குக் காட்டு என்று கொடுத்தேன். மறுபக்கம் எழுதியதை அவள் படிப்பாள் என்று நினைக்கவே இல்லை.

* இந்தத் தலையாட்டலைக் கவனித்து வையுங்கள் என்று சொல்ல ஆசை. சொன்னால் கதையின் ருசி போய்விடும். சொல்லாவிட்டால் நீங்களும் என்னோடு சேர்ந்து தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

4

மறுபடி வந்தபோது அவள் உட்காரவில்லை. மூடியைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

எண்ணெய் பூத்தூறல் போல அட்டை முழுக்கப் படிந்திருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் நனையாமல் வெள்ளையாக இருந்தது. ஐந்து விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டின் தொடக்கம். ஓட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் யாரோ கையை விரித்து வைத்திருந்தால் எப்படி விழுமோ அப்படி விழுந்திருந்தது.

"யோகா, கையை வெச்சியா?"

"இல்லீங்க்கா. சத்தியமா இல்லீங்க. நீங்க சொன்னாப்புல குச்சியிலதான் கட்டிப் புடிச்சேன். இரும்புப் பைப்புகிட்டக் கொண்டுபோனப்பதான் இப்புடி நனைஞ்சுதுங்க."

அவளுடைய இரண்டு கையையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை, வீக்கம் இல்லை. அந்த வெள்ளை இடத்தின்மேல் அவள் கையை வைத்துப் பார்த்தோம். அவள் கையைவிடப் பெரிது. என் கையைவிடவும் பெரிது. அஷ்ரஃப் வந்து தன் கையை வைத்தார். அவருக்கும் அது பெரிதாகத்தான் இருந்தது.

"வெயில்ல அட்டை வளைஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு அந்த மூடி பக்கம் அவர் வரவே இல்லை.

நடுப்பகல், வாசலில் சித்தூர்–பாலக்காடு பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போகின்றன. பயப்படுகிற நேரமா அது? ஆனாலும் பயந்தேன்.

5

போகும்போது அவள் கேட்டாள். "இந்த அட்டைக்குப் பின்னால என்னமோ எழுதியிருந்துச்சுங்க்கா. அந்தப் பொண்ணு கைய நீட்டுனாளே, அப்பறம் என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலை. நான் இன்னும் எழுதலை."

"சீக்கிரம் எழுதிப்போடுங்க்கா." சிரிக்கவில்லை அவள். "அதப் படிச்சதுல இருந்து வண்டிகிட்டப் போனா என் கை அங்கயே போவுதுங்க. புடிச்சுப் புடிச்சு இழுத்துக்கறேன்."

எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் ஹோஸ் கடை வைத்ததில்லை. ஒரு பாதி வாக்கியம் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுக்கிறது என்றால், மீதிப் பாதியை எழுதுகிறவள் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது? எனக்கு இது சந்தேகம் இல்லை, பயம். அவள் கை போய்விடும் என்கிற பயம். இந்தக் கதையில் வேறு எதுவும் பெரிதில்லை. அவளுடைய கை ஒன்றுதான்.

6

ஜின்சனுக்குப் போன் போட்டேன். கம்பம்மெட்டில் லைன் வந்து வந்து போயிற்று.

"ஒரே கை ஓட்டின வண்டின்னு சொல்லிக் கொடுத்தீங்களே, அது யாரு கை?"

ஜின்சன் வாசலுக்கு வந்திருக்க வேண்டும், இப்போது குரல் தெளிவாகக் கேட்டது.

"சேச்சி, நான் பொய் ஒண்ணும் சொல்லலை. தோட்டத்துல ராமுத்தாய்னு ஒரு அக்கா. அவங்கதான் ஓட்டினது. அவங்களுக்கு ஒரு கைதானே உள்ளது."

"என்னது?"

"ஒரு கை போனதாக்கும் சேச்சி. இந்த வண்டியில தன்னெ. அதுக்குப் பிறகும் அவங்கதான் ஓட்டினாங்க. வேற யாரு ஏறினாலும் லிஃப்ட் நிக்காது."

"வாங்குறவங்ககிட்ட விளக்கமாச் சொல்ல வேண்டாமா?"

"சொன்னேனே சேச்சி. ஒரே கை ஓட்டின வண்டின்னு சொன்னேன். அவங்க சிரிச்சிட்டு, அப்ப நல்லதுன்னாங்க."

நானும்தானே தலையாட்டினேன். யாரைப் போய்க் குறை சொல்ல?

7

[இந்த இடத்தில் ஒரு நிமிடம். ராமுத்தாயை நான் நம்பவில்லை. ஆளை அல்ல, பாத்திரத்தை. கதைக்கு ஒரு கை தேவைப்படுகிற நேரத்தில் ஒரு கை இல்லாத பெண் வந்து சேர்ந்தால், எழுதியவள் வசதிக்குக் கொண்டுவந்தாள் என்றுதான் படிக்கிறவர்கள் சொல்வார்கள். நானாக இருந்தாலும் சொல்வேன். ஒரு வரைவில் அவரைச் சாகடித்துப் பார்த்தேன். இறந்துபோனவரின் கை என்றால் எல்லோருக்கும் புரிந்த கதையாகிவிடும். ஆனால் ஜின்சன் போன் நம்பர் கொடுத்துவிட்டார். ராமுத்தாய் கம்பத்தில் மகள் வீட்டில் சுகமாக இருக்கிறார். இறந்தது கை மட்டும்தான். அதுவும் இறந்ததா என்று இப்போது எனக்குத் தெரியாது.]

அந்த நம்பருக்குப் போட்டேன். "யாரு பேசுறது?"

"சித்தூர்ல இருந்து மும்தாஜ் பேசறேன்க்கா. ஹோஸ் கடை. நீங்க ஓட்டின வண்டி இப்ப இங்க எங்க பக்கம் இருக்கு."

"லிஃப்டு எறங்குதா?"

நான் அதைச் சொல்லவே இல்லை.

"எறங்குதுக்கா."

"அன்னிக்கும் அப்பிடித்தான்த்தா எறங்குச்சு. எங்க ஒழுகுதுன்னு பைப்புக்கு அடியில கையக் குடுத்துப் பாத்தேன். சுருக்குன்னுச்சு. ரத்தம் வரல. ரத்தமே வரலேல்ல, போயி மருந்தடின்னாக. நானும் போயி அடிச்சேன். பொழுது சாயக் கை வீங்கிப்போச்சு. தேனிக்குக் கொண்டுபோயி மணிக்கட்டோட எடுத்துட்டாக."

"இப்ப வலிக்குதுங்களாக்கா?"

"இல்லாத கை வலிக்கும்னு டாக்டரே சொல்லித்தான் அனுப்புனாரு. வலி பழகிப்போச்சு. இப்பக் கொஞ்ச நாளா வேற மாதிரி இருக்குத்தா. உள்ளங்கையில சூடா எண்ணெ பீச்சுது. வெரலெல்லாம் வழுவழுங்குது. நீங்க அங்கன எப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணுறீகன்னு இங்கன இருந்தே எனக்குத் தெரியும்."

போன் என் காதில் சூடாக இருந்தது. அட்டையில் கை விழுந்திருக்கிற விஷயத்தைச் சொன்னேன்.

"விழுகாம? நாந்தான் பொத்திக்கிட்டுல்ல இருக்கேன்."

"எதுக்குக்கா?"

"அந்தப் புள்ள கை அங்கன வருதுத்தா. நான் எடுத்தா அது வெச்சிரும்." மூச்சு விட்டுக்கொண்டார். "பொத்திக்கிட்டே எம்புட்டு நாளைக்கு இருக்க? சீக்கிரமா அடைச்சு விடுங்க. கை அசந்துபோச்சு."

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

8

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று. ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை ஆட்டி உள்ளே நிற்கிற அழுத்தத்தை விட்டுவிட்டு, இரும்புப் பைப்பைக் கழற்றுகிறார்கள். பைப்பை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்புக்கு அடியில், அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்த இடத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. நாம் எல்லோரும் ரப்பர் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். புதுப் பைப் போட்டதும் லிஃப்ட் நிற்கிறது. கம்பத்தில் ராமுத்தாய் கையை உதறிவிட்டுத் தூங்குகிறார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் அந்த மாடலுக்குப் பைப் என் கடையில் இல்லை. கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறது. வந்தபாடில்லை.

முடிவு இரண்டு. பைப் வரும்வரை யோகப்பிரியா வண்டியைத் தொடவில்லை. [நடக்காது. வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். உழுது வைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் அவள் வயலைத் தாண்டிப் போய்விடும். தொடாதே என்று சொன்னேன். சரிங்க்கா என்றாள். சரி என்று சொன்ன தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.]

முடிவு மூன்று. அவள் கையை நீட்டினாள், அப்போது எறும்பு கடித்த [மாட்டேன். எழுத மாட்டேன்.]

முடிவு நான்கு. நீட்டிய கை எங்கே போகிறது என்று வாக்கியத்தில் இன்னும் இல்லை. அதுதான் ஒரே வழி. அந்தக் கை பைப்புக்குப் போக வேண்டியதில்லை. சாவிக்குப் போகலாம், லீவருக்குப் போகலாம், அவளுடைய சேலை முந்தானைக்குப் போகலாம். ஒரு சொல் போட்டால் போதும், கை வேறு பக்கம் திரும்பிவிடும். அவள் படித்தது அந்த மூடியில், அதனால் மூடியிலேயேதான் முடிக்க வேண்டும்.

பேனாவை எடுத்தேன். எண்ணெய் ஊறின அட்டையில் மை பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. எண்ணெய் பின்பக்கமும் இறங்கி, என் பாதி வாக்கியத்தைச் சுற்றிலும் ஊறிவிட்டது. நனையாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. வாக்கியம் நிற்கிற இடத்தை அடுத்து, அந்த உள்ளங்கை.

அட்டை நகராமல் இருக்க இடது கையால் அழுத்திப் பிடித்தேன். பார்க்காமல் பிடித்துவிட்டேன். என் கை அந்த வெள்ளை இடத்தின்மேல் இருந்தது. போன தடவை என் கையைவிடப் பெரிதாக இருந்தது என்று நாலாம் பகுதியில் எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள். இப்போது நகக்கண்கூடத் தவறாமல் சரியாக இருந்தது. அடியில் சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். பேனா விழுந்து உருண்டு போய்விட்டது.

9

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் டிராக்டர் சத்தம். ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு ரோட்டிலேயே ஓட்டி வந்திருக்கிறாள். வேறு எப்படி வருவாள், பற்களைத் தாரில் இழுத்துக்கொண்டா வருவாள்?

"பைப்பு வந்துருச்சுங்களாக்கா?" என்று வண்டிமேலிருந்தே கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

"எஞ்சினை அணை, யோகா. மொதல்ல அதைக் கீழ எறக்கு."

"என்னங்க்கா? அணைக்கறதுங்களா? பேட்டரி போயிருச்சுங்க. நிறுத்துனா மறுக்கா ஸ்டார்ட் ஆவாதுங்க." இறங்கி வண்டியின் பக்கவாட்டுக்குப் போனாள். குனிந்து பைப்பைப் பார்த்தாள். கிளாம்ப் இருக்கிற பக்கம்தான் குனிந்தாள்.

எழுந்து ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஓடினேன். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு, செருப்புப் போடாமல், அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஆனால் அப்படி ஓடுகிற மும்தாஜும் இந்தக் கதையில் ஒரு ஆள்தான். அவள் போய்ச் சேருகிறாளா என்பது எழுதினால்தான் தெரியும். எழுதுகிறவள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், எழுதப் பயந்துகொண்டு. பயம்தான். மறைக்க ஒன்றும் இல்லை.

அதனால் மூடியை உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். உங்களுக்குத் தமிழ் தெரியும், கையும் இருக்கிறது. உள்ளங்கை அளவுக்கு இடம் இருக்கிறது. ஒரு சொல் போதும். நல்ல சொல்லாகப் போடுங்கள். எழுதும்போது அட்டை நகரும், இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அதை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்த்து வையுங்கள்.

ராமுத்தாய் போனில் இருக்கிறார். "இனி முடியாதுத்தா, விடட்டுமா?" என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

அவள் கையை நீட்டினாள், அப்போது